நடந்தா தெரியும்: 26 வருஷ வாடகை வீடு, 10 நிமிஷத்துல கடல்... எங்க திருவல்லிக்கேணி!

போன மாதம் ஒரு கூரியர் தம்பி போன் பண்ணினார். “அக்கா, கோயில் பக்கம் நிக்கிறேன். வீட்டுக்கு எப்படி வரணும்?” என்றார். நான் பதில் சொல்லாமல், “லொகேஷன் அனுப்புறேன்” என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா போனை வாங்கினார். “தம்பி, குளத்தை வலது கைப்பக்கம் வச்சுக்கிட்டு நேரா வா. பூக்கடை வரும். அதுக்கு அடுத்த சந்து” என்றார். ரெண்டாவது நிமிஷம் வாசலில் கூரியர் நின்றது.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. இந்தப் பகுதிக்காக எத்தனையோ ஊர்த் தெருக்களில் நடந்திருக்கிறேன். ஆனால் நான் பிறந்து, 24 வருஷமாக வாழும் திருவல்லிக்கேணியில் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப், பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு. அவ்வளவுதான் என் நடை.

அதே வாரம்தான் வீட்டு ஓனர் வந்தார். நல்ல மனிதர். காபி குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். “பசங்க ஃப்ளாட் கட்டலாம்னு சொல்றாங்க. ரெண்டு மாசம் டைம் எடுத்துக்கோங்க.”

நாலு குடித்தனம் இருக்கும் வீடு அது. எங்களுக்கு அதில் 26 வருஷம். இப்போது இங்கே கேட்கும் வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் எங்கள் பட்ஜெட்டுக்கும் ஒத்துவரவில்லை. கூடுவாஞ்சேரியில் வீடு பார்த்தாகிவிட்டது. கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர்.

அம்மா அழுதார், பிறகு அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பித்துவிட்டார். அப்பாதான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து காலையில் கடற்கரைக்கு நடக்கப் போவதை நிறுத்திவிட்டார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. “மாத்திரை பாதி, நடை பாதி” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கேட்டால், “போறேன் போறேன்” என்பார். செருப்பு மட்டும் வாசலில் அப்படியே கிடக்கும்.

அவரை எப்படிக் கிளப்புவது என்று தெரியவில்லை. சரி, முதலில் நான் நடப்போம் என்று கிளம்பினேன்.

முதல் நாள்: தனியாக

காலை 5:45. போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். மேப் பார்ப்பதில்லை என்று முடிவு.

பால் பாக்கெட் கூடைகள், ஈர வாசல், பாதி போட்ட கோலம். திண்ணை வைத்த வீடுகள் எத்தனை மிச்சமிருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே போனேன். எங்கள் தெருவில் மூன்று. என் பள்ளிக்கூட நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய வீடுகள் பலவற்றில் இப்போது கீழே கார் பார்க்கிங், மேலே நாலு மாடி.

குளக்கரைக்கு வந்தேன். திரு, அல்லி, கேணி. அல்லி பூத்த குளத்தால் வந்த பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். பார்த்தசாரதி கோயில் பல்லவர் காலத்தது. தந்திவர்ம பல்லவனின் கல்வெட்டு இங்கே இருக்கிறது. கருவறையில் மீசை வைத்த பெருமாள், சங்கு மட்டும் ஏந்தி, சக்கரம் இல்லாமல், அண்ணன், மனைவி, பிள்ளை, பேரன் என்று குடும்பத்தோடு நிற்கிறார். பாரதப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று சொன்னவர் அல்லவா, அதனால் சக்கரம் இல்லை என்பார்கள்.

அங்கிருந்து துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு. பாரதியார் தன் கடைசி நாட்களைக் கழித்து, 1921 செப்டம்பரில் கண்மூடிய வீடு இங்கேதான். இன்று அரசு நினைவு இல்லம். ஐந்தாம் வகுப்பில் பேச்சுப்போட்டிக்காக இங்கே வந்து படம் வரைந்துகொண்டு போனேன். அதற்குப் பிறகு ஆயிரம் முறை கடந்திருப்பேன், நின்றதில்லை. அனுமந்தராயன் கோயில் தெருவும் அப்படித்தான். கணித மேதை ராமானுஜன் 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் குடும்பத்தோடு குடியிருந்த தெரு. எனக்கு அது நல்ல ஜெராக்ஸ் கடை இருக்கும் தெரு. இந்து மேல்நிலைப் பள்ளி வாசலில் நின்றபோதுதான், 1983-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் இங்கே படித்தவர் என்பது நினைவுக்கு வந்தது.

இன்னொன்று. அம்மா மண்ணெண்ணெய், சர்க்கரை என்று க்யூவில் நின்ற ‘டியுசிஎஸ்’ கடையை எனக்கு ரேஷன் கடையாக மட்டுமே தெரியும். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது 1904-ல். நாட்டின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களில் ஒன்று. எங்கள் மஞ்சள் பைக்குள் இவ்வளவு வரலாறு இருந்திருக்கிறது!

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பேப்பரை மடித்தார். “எந்த வழியா போன?” என்றார். சொன்னேன். “அது சுத்து வழி. பின்பக்கச் சந்துல நுழைஞ்சா அஞ்சு நிமிஷம் மிச்சம். நாளைக்கு சாயங்காலம் காட்டுறேன்.”

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள்: அப்பாவோடு

அப்பா ஒரு அச்சகத்தில் பைண்டராக இருந்தவர். அதனால் அவருக்கு பாரதி சாலைதான் கோயில். பழைய பெயர் பைகிராஃப்ட்ஸ் ரோடு. நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன தெரு.

ஒரு கடையில் தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்தார். தலைப்பைப் பார்க்கவில்லை. முதுகைத் தடவினார், நடுவில் விரித்தார், முகர்ந்தார். “நூல் தையல்மா. இன்னும் அம்பது வருஷம் தாங்கும். இப்பல்லாம் பசை மட்டும்தான்” என்றார். கடைக்காரர் சிரித்தார். “சார் வந்தா புக்கை வாங்க மாட்டாரு, வைத்தியம் பார்த்துட்டுப் போவாரு!” இத்தனை வருஷத்தில் அப்பாவின் வேலையை நான் பார்த்ததே இல்லை என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது.

ரத்னா கஃபே முனையில் திரும்பி, திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் நடந்தோம். நடந்தோம் என்று சொல்வது எளிது. நடைபாதை இருக்கும் இடத்தில் பைக் நிற்கிறது, பைக் இல்லாத இடத்தில் மின்பெட்டி, அதுவும் இல்லாத இடத்தில் தோண்டிப் போட்ட பள்ளம். சர்க்கரை நோயாளிக்குக் காலில் ஒரு சிறிய காயம்கூட ஆபத்து. அப்பா ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். அறுபது வயதுக்கு மேற்பட்டவரோடு அரை மணி நேரம் நடந்தால் போதும், நம் நகரத்துக்கு நடப்பவர்கள் மேல் எவ்வளவு அக்கறை என்று புரிந்துவிடும்.

பெரிய மசூதிக்கு எதிரே வந்ததும் மூச்சு வாங்க நின்றோம். ஆற்காடு நவாப் வாலாஜா குடும்பத்தார் 1795-ல் கட்டியது. சாம்பல் நிறக் கருங்கல். மரமோ இரும்போ இல்லாமல் எழுப்பப்பட்டது. கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதை வரிகள் உள்ளே கல்லில் இருக்கின்றன. அதை எழுதியவர் ராஜா மக்கன்லால் என்கிற இந்து. ரமலான் மாதத்தில் மயிலாப்பூர் சூஃபிதாரிலிருந்து இந்துத் தொண்டர்கள் வந்து இங்கே நோன்பு திறப்பவர்களுக்கு உணவு பரிமாறுகிறார்கள். பல வருஷமாக நடக்கும் வழக்கம். அப்பாவோடு அச்சகத்தில் வேலை பார்த்த நண்பர் நோன்புக் கஞ்சியை இங்கிருந்துதான் தூக்குவாளியில் கொண்டுவருவாராம். “அதுக்காகவே நான் அந்த மாசம் ஓவர்டைம் பார்ப்பேன்” என்றார் அப்பா. வீட்டு விஷயம் வந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள்: கடலுக்கு

காலை 5:30. இந்த முறை அப்பாதான் என்னை எழுப்பினார்.

பெசன்ட் சாலை வழியாகப் போனோம். கீழே பக்கிங்ஹாம் கால்வாய், தலைக்கு மேலே பறக்கும் ரயில் பாதை. கால்வாயின் நாற்றத்தைத் தாண்டியதும் உப்புக்காற்று வரும். “இங்க வந்ததும் மூச்சை நல்லா இழு” என்றார்.

சாலையின் முடிவில் விவேகானந்தர் இல்லம். ஆட்டோக்காரர்களுக்கு இன்றும் இது ‘ஐஸ் ஹவுஸ்’தான். 1842-ல் அமெரிக்காவின் டியூடர் கம்பெனி கட்டியது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கே சேமித்தார்கள். உள்ளூரிலேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது இந்தக் கட்டடத்தில்தான். பின்னாளில் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளுக்கான இல்லத்தை நடத்தியதும் இங்கேதான். ஒரே கட்டடம், எத்தனை முறை குடி மாறியிருக்கிறது பாருங்கள்.

இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. ஐஸை இறக்கிய காலத்தில் கடல் இந்தக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்று நாம் மூச்சு வாங்க நடக்கும் மணல்வெளி அப்போது இல்லை. 1870-களில் வடக்கே துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனது. ஒரு பக்கத்துக்கு மெரினா கிடைத்ததற்கு இன்னொரு பக்கம் விலை கொடுத்திருக்கிறது.

நடுக்குப்பம் பக்கம் மீன் கூடைகளோடு அக்காக்கள் உட்கார்ந்திருந்தார்கள். சங்கரா, நெத்திலி, காரப்பொடி. ஒருவர் அப்பாவைப் பார்த்ததும், “இன்னா சாரே, எத்தினி நாளாச்சு! உடம்பு கிடம்பு சரியில்லியா?” என்றார். அப்பா காலி செய்யும் விஷயத்தைச் சொன்னார். வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அக்கா கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு, “சுனாமிக்கப்பறம் எங்களையும் போ போன்னாங்க. வுட்டுட்டு எங்க போவ சொல்ற? கடலு இங்கதான கீது” என்று சொல்லிக்கொண்டே நெத்தலியை அள்ளிப் பையில் போட்டார். காசு கொடுத்தால் பாதியைத் திருப்பித் தந்தார்.

பக்கத்தில்தான் அயோத்திக்குப்பம். அந்த மீனவர் குப்பத்தில் 1860-ல் பிறந்தவர் சிங்காரவேலர். 1923-ல் இந்தியாவிலேயே முதன்முறையாக மே தினத்தை அவர் கொண்டாடிய இடங்களில் ஒன்று இந்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரை. அப்பா இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை. அச்சகத் தொழிலாளி அல்லவா!

மணலில் உட்கார்ந்தோம். சூரியன் மேலே வந்துவிட்டது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல், “வருத்தமா இருக்காப்பா?” என்றேன்.

“இல்லாம இருக்குமா?” என்றார். கொஞ்ச நேரம் அலையைப் பார்த்தார். “அங்க எனக்கு யாரைத் தெரியும், எந்தச் சந்து தெரியும்னு இருந்துச்சு. அதான் காலே கிளம்பல.” பிறகு ஐஸ் ஹவுஸ் பக்கம் திரும்பி, “பாஸ்டன்லேர்ந்து ஐஸே கரையாம வந்திருக்கு. கூடுவாஞ்சேரிலேர்ந்து நான் வர மாட்டேனா? கோட்டையில இறங்கி பறக்கும் ரயில் மாறினா திருவல்லிக்கேணி ஸ்டேஷன். சீசன் டிக்கெட் போட்டுக்கலாம்” என்றார்.

ரயில் நேரம்கூடப் பார்த்து வைத்திருக்கிறார், மனிதர்!

நீங்களும் நடக்கலாமே!

உங்கள் பேட்டை எதுவாக இருந்தாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை இப்படி முயன்று பாருங்கள்.

* ஆறு மணிக்குள் கிளம்புங்கள். கடைகள் திறப்பதற்கு முன்னால்தான் கட்டடங்கள் முழுசாகத் தெரியும்.
* போன் பைக்குள் இருக்கட்டும். வழி தெரியாவிட்டால் பூக்கடை, டீக்கடை, இஸ்திரி வண்டியில் கேளுங்கள்.
* தெருப்பெயர்ப் பலகையைப் படியுங்கள். அது யார் பெயர் என்று வீட்டில் பெரியவர்களிடம் விசாரியுங்கள்.
* முடிந்தால் அந்தப் பெரியவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வேகத்துக்கு நடங்கள். சர்க்கரை இருப்பவர்கள் மணலாக இருந்தாலும் செருப்பைக் கழற்ற வேண்டாம்.

நாங்கள் காலி செய்ய இன்னும் 19 நாள் இருக்கிறது. இப்போது தினமும் காலையில் அப்பாவும் நானும் நடக்கிறோம். நேற்று அம்மாவும் வந்தார். அந்தப் பின்பக்கச் சந்தில் போனால் நிஜமாகவே ஐந்து நிமிஷம் மிச்சம்தான்.

போன வாரம் அட்வான்ஸ் கொடுக்கக் கூடுவாஞ்சேரி போயிருந்தோம். சாவியை வாங்கியதும் அப்பா வீட்டுக்குள் போகவில்லை. “நீங்க பாருங்க, இதோ வரேன்” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். அரை மணி நேரம் கழித்து வந்தார். “ரெண்டாவது தெருவுல ஒரு பைண்டிங் கடை இருக்கு” என்றார்.