தூரம் தந்த லாபம்

ஸ்கார்பியோ டேங்கர்ஸ் என்று ஒரு கப்பல் நிறுவனம். பதிவு மார்ஷல் தீவுகளில், அலுவலகம் மொனாக்கோவில், பங்கு வியாபாரம் நியூயார்க்கில். பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், நாப்தா என்று ஆலையில் சுத்திகரித்து வந்த எண்ணெயை ஏற்றிப்போவதுதான் அதன் தொழில். 2021-ல் அதற்கு 23.4 கோடி டாலர் நஷ்டம். 2022-ல் 63.7 கோடி டாலர் லாபம். இரண்டு வருஷமும் தலைமை நாற்காலியில் இருந்தவர் அதே எமானுவேலே லாரோதான். கப்பல்களும் அதே கப்பல்கள். இடையில் சிலவற்றை விற்றுக் குறைத்தார்களே தவிரக் கூட்டவில்லை. புதிதாக ஒரு கண்டுபிடிப்பும் வந்துவிடவில்லை.

வந்தது ஒரு போர். ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. கிண்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகளுக்காக டெமரேஜ் கணக்குப் போடுவது என் வேலை. நான் ஒரு டேங்கரில் கால் வைத்தது இல்லை. ஆனால் அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு நங்கூரம் போட்டது, எத்தனை மணிக்குக் குழாய் மாட்டினார்கள், எப்போது கழற்றினார்கள் என்பது என் மேஜைக்கு வந்துவிடும். ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ் என்று ஒரு தாள். கேப்டன் கையெழுத்து, கப்பலின் முத்திரை, சில சமயம் எண்ணெய்ப் பிசுக்குள்ள ஒரு கட்டைவிரல் ரேகை. சரக்கை ஏற்றி இறக்க வாடகைக்காரருக்குப் பொதுவாக 72 மணி நேரம் கொடுப்பார்கள். கப்பல் தயார் என்று கேப்டன் நோட்டீஸ் கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து, அல்லது கப்பல் கரையில் கட்டியதும், எது முந்தியோ அப்போது கடிகாரம் ஓடத் தொடங்கும். 72-ஐத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் காசு. அதற்குத்தான் டெமரேஜ் என்று பெயர். அந்தக் காசை நிமிஷக் கணக்கில் கூட்டி, கெடு முடிவதற்குள் வாடகைக்காரருக்கு அனுப்பவேண்டும். பெரும்பாலும் 90 நாள் கெடு. ஒரு நாள் தவறினாலும் மொத்தக் கோரிக்கையும் போச்சு.

இந்த மேஜையில் இருந்தால் சந்தை நிலவரத்துக்குப் பத்திரிகை பார்க்க வேண்டாம். டெமரேஜ் விகிதம் அன்றைய வாடகையை ஒட்டித்தான் பேசப்படும். அந்த ஒரு எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

கப்பல்காரர்கள் எல்லாவற்றையும் நாள் வாடகையில்தான் அளப்பார்கள். வந்த சரக்குக் கூலியிலிருந்து எரிபொருள், துறைமுகச் செலவு, கமிஷன் எல்லாம் கழித்து, மிச்சத்தைப் பயண நாட்களால் வகுத்தால் வருவது அது. ஸ்கார்பியோவின் 2021 நஷ்டத்துக்கும் 2022 லாபத்துக்கும் இடையே 87 கோடி டாலர் இடைவெளி. சுமாராக 120 கப்பல், 365 நாள் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். ஒரு கப்பலுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 டாலர் வரும். தோராயக் கணக்குதான், ஆனாலும் விஷயம் புரியும். மாலுமிகளின் சம்பளம், இன்சூரன்ஸ், வட்டி எல்லாம் முன்பு இருந்த அளவுதான். அதற்கு மேல் ஏறிய ஒவ்வொரு டாலரும் நேராக லாபத்தில் போய் விழுந்தது.

வாடகை ஏன் ஏறியது? உலகம் எரிக்கிற டீசல் பெரிதாகக் கூடிவிடவில்லை. போகிற தூரம் கூடியது. முன்பெல்லாம் ரஷ்யாவின் பிரிமோர்ஸ்க் துறைமுகத்தில் ஏறும் டீசல் ஒரு வாரத்துக்குள் ராட்டர்டாமில் இறங்கிவிடும். போர் வந்ததும் அந்த வழி மாறத் தொடங்கியது; 2023 பிப்ரவரி 5 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குத் தடையே போட்டது. ரஷ்ய டீசல் துருக்கிக்கும் பிரேசிலுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கிளம்பியது. ஐரோப்பாவுக்கான டீசல் வளைகுடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நம் ஜாம்நகரிலிருந்தும் போனது. ஜாம்நகரை ஒட்டிய சிக்கா துறைமுகத்தில் ஏற்றினால் சூயஸ் வழியாக ராட்டர்டாமுக்கு மூன்று வாரம். 2023 கடைசியில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைச் சுடத் தொடங்க, 2024 ஜனவரியில் டேங்கர்களும் ஒதுங்கி நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. மூன்று வாரம் ஐந்து வாரமானது. அதே ஒரு கப்பல் சரக்கு, அதே ஊருக்கு. ஆனால் அந்தக் கப்பல் அடுத்த சரக்குக்குக் கைக்கு வர இன்னும் பல நாள் ஆகும். சந்தையில் கப்பல் குறைந்துபோனது போன்ற நிலை. முகூர்த்த நாளில் மல்லிகைக்கு வரும் விலைதான் இது. வரத்தில் கொஞ்சம் துண்டு விழுந்தால் போதும், விலை மூன்று மடங்கு.

2020 இன்னும் வினோதம். உலகமே வீட்டுக்குள் முடங்கியிருந்த ஏப்ரல், மே மாதங்களில் டேங்கர் வாடகை விண்ணில் இருந்தது. கரையில் உள்ள தொட்டிகள் நிரம்பிவிட்டன, வாங்க ஆளில்லை, அதனால் ஏற்றிய எண்ணெயோடு கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நின்றன. நான் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ‘கரை காலியில்லை, காத்திருப்பு’ என்று வரிக்கு வரி எழுதியிருந்த தாள்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். காத்திருப்புக்கே காசு. ஸ்கார்பியோ அந்த வருஷம் 9.4 கோடி டாலர் லாபம் காட்டியது. அதற்கு முந்தைய மூன்று வருஷமும் நஷ்டம், அடுத்த வருஷமும் நஷ்டம்.

ஆகவே, தூரமும் தாமதமும்தான் இவர்களுடைய லாபம். யாரோ எங்கோ சண்டை போட்டுக்கொண்டால், ஒரு கால்வாய் அடைபட்டால், ஒரு ஆலை மூடினால் இவர்களுக்கு நல்ல காலம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தொழிலின் குணம் அப்படி. ஆனால் இந்த லாபத்தை நிர்வாகத் திறமை என்று ஆண்டறிக்கையில் பளபளப்பான தாளில் அச்சடிக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அந்தத் தூரத்துக்கு விலை கொடுக்கிறவர்கள் யார் என்பதும் அறிக்கையில் இருக்காது. 2024 ஜனவரி 26 அன்று மார்லின் லுவாண்டா என்ற டேங்கரை ஏடன் வளைகுடாவில் ஏவுகணை தாக்கியது. ஸ்கார்பியோவின் கப்பல் அல்ல அது. உள்ளே நாப்தா. தீக்குச்சி உரசினாலே பற்றிக்கொள்ளும் சரக்கு. கப்பலில் இருந்த 23 பேரில் 22 பேர் இந்தியர்கள், ஒருவர் வங்கதேசத்தவர். நம் கடற்படையின் ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் ஆட்களை அனுப்பித் தீயை அணைக்க உதவியது. கேப்டனுக்கும் மாலுமிகளுக்கும் சர்வதேச கடல்சார் அமைப்பு வீர விருது கொடுத்தது. அந்தக் காலாண்டில் டேங்கர் கம்பெனிகளின் லாபம் அமோகம்.

சரி, இனிமேல் எப்படி? இதைத்தான் என் அக்கா மகன் கேட்டான். இப்போது அலைபேசியிலேயே அமெரிக்கப் பங்கு வாங்கலாமாம். “சித்தி, இந்தக் கம்பெனி பங்கு விலை அதன் வருஷ லாபத்தைப்போல நாலு மடங்குதான் இருக்கு. அடிமாட்டு விலை. போடட்டுமா?” என்றான்.

“எந்த வருஷ லாபத்தை வச்சு நாலு மடங்குன்னு சொல்ற?” என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. ஐடி கம்பெனிப் பங்கு அப்படி மலிந்து கிடந்தால் யோசிக்கலாம். கப்பல் பங்கு மலிவாகத் தெரிகிறது என்றால், லாபம் உச்சத்தில் இருக்கிறது, அது நிலைக்கும் என்று சந்தை நம்பவில்லை என்று அர்த்தம். 2021-ல் இதே கணக்கைப் போட்டிருந்தால் வகுக்க லாபமே இருந்திருக்காது. ஆனால் வாங்கியிருக்க வேண்டிய நேரம் அதுதான்.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த லாபம் 66.9 கோடி டாலர், அதுவரை கண்டதில் அதிகம். காலாண்டு வாரியாகப் பிரித்தால் 21.4, 22.7, 15.9, 6.9. வருஷக் கடைசிக்குள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த காலாண்டில் 5.8. செங்கடல் அப்போதும் திறக்கவில்லை, தடைகளும் அப்படியே இருந்தன. பிறகு ஏன் விழுந்தது? கச்சா எண்ணெய் ஏற்றும் பெரிய கப்பல்களுக்கு 2024 கோடையில் வேலை குறைவு. அவற்றின் தொட்டிகளைக் கழுவித் துடைத்து டீசல் ஏற்ற விட்டார்கள். கச்சா எண்ணெய் இருந்த தொட்டியை டீசலுக்குத் தயார்செய்வது லேசான காரியமல்ல. சூடான தண்ணீரைப் பீய்ச்சி, காற்றோட்டி, ஆட்கள் உள்ளே இறங்கி மூலை முடுக்கில் தேங்கியதை வாளியில் அள்ளவேண்டும். செலவும் நாளும் பிடிக்கும் அந்த வேலையைச் செய்தும் கட்டுப்படியானது என்றால், டீசல் கப்பல் வாடகை எந்த உயரத்தில் இருந்திருக்கும் பாருங்கள். அந்த உயரமே அதற்குப் போட்டியை வரவழைத்தது.

இன்னொரு போட்டி கப்பல் கட்டும் தளங்களில் இருக்கிறது. லாபம் கண்ட முதலாளிகள் 2023, 2024-ல் தாராளமாகப் புதுக் கப்பலுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வரிசையில் நின்றது. அதிலும் எல்ஆர்2 என்னும் பெரிய ரகம்தான் அதிகம். நிறுவனங்கள் இதற்குச் சமாதானம் வைத்திருக்கின்றன. பழைய கப்பல்கள் கிழடாகிவிட்டன, அவற்றில் பல, தடைக்கு உள்ளான எண்ணெயை ஒளித்து ஓட்டும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டன, எல்ஆர்2 கப்பல்கள் கச்சா எண்ணெய்க்குப் போய்விடும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆலைகள் இடம் மாறுவதும் உண்மை. ஆஸ்திரேலியாவில் குவினானா, ஆல்டோனா, ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் எல்லாம் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டன; குவைத்தில் அல்-ஸூர் வந்துவிட்டது. இருக்கும் ஊரில் காய்ச்சாவிட்டால் எங்கிருந்தோ கப்பலில் வரத்தான் வேண்டும். ஆனால் நைஜீரியாவில் டாங்கோட்டே ஆலை ஓடத் தொடங்கியதும் ஐரோப்பாவிலிருந்து அங்கே போகும் பெட்ரோல் குறைந்தது. ரஷ்யக் கச்சா எண்ணெயில் காய்ச்சிய டீசல் வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 21 முதல் விதி வைத்தது. இது இந்திய டீசலைச் சுற்ற விடுமா, சுருக்கி விடுமா என்று ஆளுக்கொரு கட்சி. கச்சிதமாகச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

கணிப்பை விட்டுவிட்டு, வந்த பணத்தை என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே நல்லது. இங்கே ஸ்கார்பியோவைப் பாராட்டத்தான் வேண்டும். 2021 முடிவில் 300 கோடி டாலருக்கு மேல் இருந்த கடன், 2024 முடிவில் 100 கோடிக்கும் கீழே. அதனால் கைக்காசு போடாமல் கப்பல் ஓட ஒரு நாளைக்கு 12,500 டாலர் போல வந்தால் போதும் என்ற நிலை அப்போது வந்தது. வாடகை விழுந்தாலும் மூச்சு முட்டாது. இதே துறையில் 1889-ல் தொடங்கிய டென்மார்க்கின் டார்ம் நிறுவனம், கடன் கழுத்தை நெரித்ததால் 2012-லும் 2015-லும் மறுசீரமைப்புக்குப் போக, பழைய பங்குதாரர்கள் கையில் மிஞ்சியது சொற்பம். கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. முதலாளி மாறிப்போனார்.

பாராட்டியதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கார்பியோவின் கப்பல்களுக்குச் சரக்குத் தேடுவதும், அவற்றைப் பராமரிப்பதும் லாரோவின் குடும்பத்தோடு தொடர்புள்ள தனி நிறுவனங்கள். கப்பலுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு கட்டணம், வருவாயில் இத்தனை சதவீதம் கமிஷன் என்று ஒப்பந்தம். எல்லாம் ஆண்டறிக்கையில் பகிரங்கமாக இருப்பதுதான், ஒளிவுமறைவில்லை. பங்குதாரருக்கு நஷ்டம் வந்த வருஷங்களிலும் அந்தக் கட்டணம் உண்டு என்பதை மட்டும் வாசிக்கும்போது நினைவில் வைக்கவேண்டும்.

2010-ல் ஸ்கார்பியோ பங்கு 13 டாலருக்கு வெளியிடப்பட்டது. 2018-ல் காசு போதாமல் 1.85 டாலருக்குப் புதுப் பங்குகளை விற்றார்கள். 2019 ஜனவரியில் பத்துப் பங்கை ஒன்றாகச் சேர்த்தார்கள். அந்தக் கணக்கில் முதல் நாள் வாங்கியவரின் விலை இன்றைய பங்கில் 130 டாலர். லாபம் கொழித்த 2024-ல்கூட அந்தப் பங்கு 100 டாலரைத் தொடவில்லை. இடையில் வந்த டிவிடெண்டு தனி.

அக்கா மகனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வாங்கக் கூடாது என்பதில்லை. கடைசி வருஷ லாபத்தை மூடி வைத்துவிட்டு, 2017 முதல் 2021 வரையிலான கணக்கை வரிசையாகத் திறந்து படியுங்கள். ஐந்தில் நான்கு வருஷம் நஷ்டம். அப்படி ஒரு காலம் மறுபடி வந்தாலும் தொடாமல் விட்டுவைக்கக்கூடிய பணம் இருந்தால் போடுங்கள். வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள்.