பலூன் வளைவு இருக்கட்டும்... தாழ்ப்பாள் எட்டுதா?



மே மாதக் கடைசி வந்துவிட்டால் எங்கள் வாடிப்பட்டியில் நோட்டு, பை, தண்ணீர் பாட்டில் வியாபாரம் சூடு பிடித்துவிடும். பள்ளிக்கூடங்களிலும் வெள்ளையடிப்பதும் சுவரில் படம் வரைவதும் வாசலில் பேனர் கட்டுவதுமாக அமர்க்களப்படும். ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளை மாலை போட்டு, தலையில் கிரீடம் வைத்து வரவேற்கிறார்கள். சில இடங்களில் மேளமும் உண்டு. (மேளத்துக்குப் பேர் போன ஊர் எங்கள் ஊர், கேட்கவா வேண்டும்!) பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேளம் ஓய்ந்து, போட்டோ எடுத்து முடித்து, அம்மாவும் கேட்டுக்கு வெளியே போன பிறகு, அந்தப் பிள்ளை நாள் முழுக்க உட்காரப் போகிற அறை எப்படி இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்?

நான் பார்க்கவில்லை. அதனால் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

2019 ஜூனில் என் மூத்த மகளை ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அதுவரை பால்வாடிக்கு மட்டும் போய் வந்தவள். பள்ளி வாசலில் கலர் கலராக பலூன் வளைவு. கரடி வேஷம் போட்டு ஒருவர் நின்று கை கொடுத்தார். என் மகள் கரடியைப் பார்த்து வீறிட்டு அழ, "முதல் நாள் அப்படித்தான் அழும், நீங்க போங்க" என்று ஆயாம்மா தூக்கிக்கொண்டு போய்விட்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு வந்தேன். வகுப்பறைச் சுவரில் மிக்கி மவுஸிலிருந்து மயில் வரை வரைந்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் "நல்ல ஸ்கூலு" என்று வீட்டுக்காரரிடம் அடம் பிடித்துச் சேர்த்தேன். குற்றம் சொல்வதானால் என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வரும்போது பாவாடை ஈரம். கேட்டால் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளிலிருந்து ஈரம் இல்லை, "பழகிட்டா" என்று சந்தோஷப்பட்டேன். பார்த்தால் தண்ணீர் பாட்டில் கொடுத்து விட்டபடியே திரும்பி வருகிறது! ஒரு வாய் கூடக் குடிப்பதில்லை. ஜூலையில் காய்ச்சல் வந்து, ஒண்ணுக்குப் போகும்போது எரியுது என்று அழுதாள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா பரிசோதனை செய்துவிட்டு, சிறுநீரில் கிருமி இருக்கிறது என்று மருந்து எழுதிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "புள்ள ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போகுதா, அடக்கி வச்சுக்கிட்டு இருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்... எனக்குத் தெரியவில்லை. பெற்றவள் எனக்கு அது தெரியவில்லை!

அன்று ராத்திரி மடியில் போட்டுக்கொண்டு பைய விசாரித்தேன். பாத்ரூம் எங்கே என்று அவளுக்கு ஒருவரும் காட்டவில்லை. பெரிய பிள்ளைகள் பின்னால் போய்த் தானே கண்டுபிடித்திருக்கிறாள். உள்ளே போனால் தாழ்ப்பாள் எட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. தண்ணீர் டிரம்மில் இருந்த மக்கும் எட்டவில்லை. பாவம், டீச்சரிடம் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. வீட்டில் நாங்கள் 'சூசு' என்போம், அங்கே ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமாம். ஐந்து வயசுப் பிள்ளை என்ன செய்யும்? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டது. பெண் பிள்ளைகளுக்கு இப்படி அடக்கி வைப்பதால் நோய்த்தொற்று சீக்கிரம் வரும் என்று டாக்டரம்மா சொன்னார். அறையெல்லாம் மயிலும் மானும் வரைந்து வைத்தவர்களுக்கு ஒரு தாழ்ப்பாளைக் கீழே இறக்கத் தோன்றவில்லை.

என் நாத்தனார் ஊர் அலங்காநல்லூர் பக்கம். அவள் மகன் படித்தது ஓட்டுக் கட்டடத்தில் நடக்கும் ஈராசிரியர் பள்ளி. அங்கே இருந்த ஒன்றாம் வகுப்பு டீச்சர் செய்ததைக் கேட்டால், சிலர் 'இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா' என்பீர்கள். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே அம்மாக்களை வரச் சொல்லிவிட்டார். "புள்ளைய வீட்டுல என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவீங்க? ஒண்ணுக்கு வந்தா என்ன சொல்லும்? எதைக் கண்டா பயப்படும்?" இந்த மூன்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாராம். வீட்டுப் பெயரைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் நாத்தனார் மகனுக்குப் பிறப்புச் சான்றிதழில் நீளமான பெயர், வீட்டில் 'அப்பு'. சான்றிதழ்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பான்!

எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பெயர் எழுதி ஒட்டி என்ன பயன் என்று, பெயர் பக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு படம் ஒட்டினார். மாம்பழம், டிராக்டர், ஆட்டுக்குட்டி என்று. பை மாட்டும் இடத்திலும் அதே படம், தட்டிலும் அதே படம். மூன்று பையன்கள் காளைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்க, ஒருவனுக்குக் கருப்பு, ஒருவனுக்குச் செவலை, ஒருவனுக்கு மயிலை என்று வரைந்து கொடுத்து சமாளித்தாராம். அலங்காநல்லூர்க் காற்று அப்படி!

பை மாட்டும் கொக்கியைப் பிள்ளையின் தோள் உயரத்தில் அடித்திருந்தார்கள். குழாய் வைத்த மண்பானையை முக்காலி மேல் வைத்திருந்தார்கள், தானே பிடித்துக் குடிக்கலாம். எண்ணிப் பழகப் புளியங்கொட்டையும் கொட்டாங்கச்சியும். அழுகிற பிள்ளை போய் உட்கார ஒரு மூலையில் பாய் விரித்து, அம்மாக்கள் கொடுத்த பழைய பருத்திச் சேலையைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார். முதல் நாள் பாடமே கிடையாது. எல்லாரையும் வரிசையாக பாத்ரூமுக்கு அழைத்துப் போய், 'இதுதான் கதவு, இப்படிச் சாத்தணும், இதுதான் குழாய், இப்படித் திறக்கணும்' என்று ஒவ்வொரு பிள்ளையையும் செய்து பார்க்க வைத்தார். நாத்தனார் மகன் முதல் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் அழுதான். அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாளைக்கு ஸ்கூல் கிடையாது என்றதும்!

நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் படித்தேன். இத்தாலிக்காரர், டாக்டருக்குப் படித்தவர். 1907-ல் ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த சான் லொரென்சோ பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். பிள்ளைகளே தூக்கி நகர்த்தும்படி சின்ன மேசை நாற்காலி, கைக்கு எட்டும் அலமாரி என்று வைத்தார். 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் சமயத்தில் நமக்குப் பக்கத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்மணி செய்து காட்டியதுதான் இந்த 'எட்டும் உயரம்'.

நம் அரசுப் பள்ளிகளுக்கும் இது தெரியாதது இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் தமிழ்நாடு முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில், சுவரைச் சுற்றிலும் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள். டீச்சரும் தரையில் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். தலைக்கு மேலே கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டார்கள். பிறகு 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்குத் தக்கபடி. அதே 2022 செப்டம்பர் 15-ந் தேதி நம் மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வயிறு நிறைந்த பிள்ளைக்குப் புது இடத்தின் பயம் பாதி குறையும் என்பது வீட்டில் சமைத்துப் போடுகிற நமக்குத் தெரியாதா? இவ்வளவு நல்லது நடந்தும் நான் பார்த்த ஒரு பள்ளியில் அந்தச் சின்னக் கரும்பலகையை மறைத்து பீரோ நிற்கிறது. பீரோவை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை.

அலங்காரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுவர் முழுக்கச் சார்ட்டும் ஜிகினாவும் இருந்தால்தான் நல்ல வகுப்பு என்று நாம் நினைக்கிறோம். 2014-ல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சின்னப் பிள்ளைகளை இரண்டு விதமான அறையில் உட்கார வைத்துப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். சுவர் நிறைய அலங்காரம் செய்த அறையில் பிள்ளைகளின் கவனம் அதிகமாகச் சிதறியது, பாடமும் குறைவாகவே மனதில் நின்றது. வெறுஞ் சுவராக விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு சுவரில் படம் போதும். அதிலும் பிள்ளைகளே வரைந்ததாக, அவர்கள் கண்ணுக்கு நேராக இருந்தால் நல்லது. உத்தரத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் சார்ட் யாருக்காக? வந்து பார்க்கும் அதிகாரிக்கும் நமக்கும்தானே!

என் வீட்டுக்காரர், "நாங்கள்லாம் மரத்தடியில மண்ணுல எழுதிப் படிச்சவங்க, எங்களுக்கென்ன கொறஞ்சு போச்சு?" என்கிறார். உண்மைதான். ஆனால் அவரோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து இரண்டாம் வகுப்புக்குள் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

டீச்சர்கள் மேல் மட்டும் பழி போடவும் மனசு வரவில்லை. இரண்டே பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். அதற்கு நடுவில் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்ற வேண்டும். சார்ட், கலர் பென்சில் எல்லாம் சொந்தக் காசில் வாங்குகிற டீச்சர்களை நானே பார்த்திருக்கிறேன். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊர் மக்களே பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்போது 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தப் பாதியில் இருக்கிற சகோதரிகள் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருவது ஏன்? வீட்டில் உப்பு ஜாடியைப் பிள்ளை கைக்கு எட்டாமலும், தண்ணீர்ச் சொம்பைக் கைக்கு எட்டும்படியும் வைக்கத் தெரிந்தவர்கள்தானே நாம்? பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்ல என்ன கூச்சம்?

இந்த வருஷம் என் சின்னவன் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான், வேறு பள்ளியில். சேர்க்கைப் படிவம் வாங்கப் போனபோது தையல் டேப்பை மடியில் செருகிக்கொண்டு போனேன். பாத்ரூம் தாழ்ப்பாள் தரையிலிருந்து நாலே முக்கால் அடி. என் மகன் உயரம் மூன்றரை அடி. கையை உயர்த்திக் குதிகாலைத் தூக்கி நின்றாலும் விரல் படவில்லை. தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். முதலில் என்னையும் டேப்பையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூடவே வந்து, அவனை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் எனக்குத் தோணலையேம்மா" என்றார். புதன்கிழமை ஆசாரி வந்து தாழ்ப்பாளைக் கீழே இறக்கிக் கொடுக்கிறார். கூலியில் பாதி நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். கூடவே கொக்கி அடிக்க ஒரு பலகையும் கேட்டிருக்கிறேன். பழைய சேலை இரண்டு துவைத்து எடுத்து வைத்தாகிவிட்டது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வாடிப்பட்டி.