யானை வாங்கலாம், தீனிக்கு வழி என்ன?

சென்ற மாதம் ஸ்காபரோவில், நாம் நீண்டகாலமாக அறிந்த ஒரு குடும்பத்தினரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். தேநீர் அருந்தி முடிந்ததும் குடும்பத் தலைவர் ஒரு கடதாசியை எம்முன் வைத்தார். "மாஸ்ரர், தம்பி ஒரு கார் பார்த்திருக்கிறான். பிணைக்கு என்னைக் கையெழுத்து வைக்கச் சொல்லுறான். வைக்கலாமோ?" என்று கேட்டார்.

மகனுக்கு வயது இருபத்து மூன்று. படிப்பை முடித்து வேலையிற் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அவர் பார்த்து வைத்திருப்பது பத்தாண்டு பழமையான, எட்டுச் சிலிண்டர் கொண்ட ஜேர்மன் அதிவேகக் கார். புதிதாக விற்றபோது 1 இலட்சம் டொலருக்கு மேல். இன்று 40,000 டொலர். "அரை விலைக்கும் குறைவு அப்பா. நாளைக்கு வித்தாலும் காசு வரும்" என்பது பிள்ளையின் வாதம்.

நாம் அவ்விடத்தில் உடனே பதில் கூறவில்லை. வீடு திரும்பிய பின்னரே, இதே கேள்வி நமது சமூகத்தின் பல வீடுகளில் இன்று எழுந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் தோன்றியது. ஆகவே அந்த நண்பருக்குக் கூற வேண்டியதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறோம். வேகமான காரை விரும்புவது குற்றமன்று. இளமையில் ஆசைப்படாதவர் யார்? ஆனால், ஒரு பொருள் மலிந்திருக்கிறது என்று ஒருவர் கூறும்போது, அது ஏன் மலிந்தது என்று கேட்பது பெற்றோரின் கடமையாகும்.

மீள்விற்பனைப் பெறுமதி என்பதை நம்மவர்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ-40 ஐயும் எண்ணிப் பாருங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாதபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலைச் சில துளி விட்டு எஞ்சினை முடுக்கியதும், பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் நமக்கு நினைவிருக்கும். அந்தக் கிழட்டு வண்டிகளுக்கு விலை இருந்தமைக்குக் காரணம் வேகமோ அழகோ அன்று. எந்தக் கராஜிலும் எந்த மெக்கானிக்கும் அவற்றைத் திருத்த முடிந்தது. விற்க நினைத்தால் வாங்க ஆள் இருந்தார். பழைய வாகனமொன்றின் பெறுமதியைத் தாங்கி நிற்கும் தூண்களில் முதன்மையானவை இவ்விரண்டுமே.

இந்த அளவுகோலைக் கொண்டு அதிவேகக் கார்களை நோக்குவோம். அவற்றிற் பல முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் புதுவிலையிற் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. மசராட்டி குவாட்ரோபோர்ட்டே போன்ற ஆடம்பர வண்டிகளும், பெரிய எஞ்சின் பூட்டிய ஜேர்மன் செடான்களும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். முதல் உரிமையாளர் உத்தரவாதக் காலம் முடியும்வரை ஓட்டி மகிழ்ந்து கைமாற்றுகிறார். திருத்தச் செலவு தொடங்கும் தறுவாயிலேயே வண்டி நமது பிள்ளைகளின் கண்ணிற் படுகிறது. சந்தை அறியாமையால் விலையைக் குறைக்கவில்லை. வரப்போகும் செலவை அறிந்தே குறைத்திருக்கிறது.

பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2005 முதல் 2010 வரை தயாரித்த எம்-5 காரை எடுத்துக்கொள்வோம். பத்துச் சிலிண்டர்களும் ஐந்நூறுக்கு மேற்பட்ட குதிரைவலுவும் கொண்ட அற்புதமான எஞ்சின் அது. ஆனால் அதன் உள்ளே இணைப்புத் தண்டுகளைத் தாங்கும் பெயரிங்குகள் முன்கூட்டியே தேயும் இயல்புடையவை. பழுதாகும் முன்னரே அவற்றை மாற்றிவிடும்படி துறை அறிந்த மெக்கானிக்குகள் கூறுவர். மாற்றாது விட்டு அவை முறிந்தால், எஞ்சின் முழுவதுமே போய்விடும். அவ்வாறே 1990களின் பிற்பகுதி முதல் 2000களின் நடுப்பகுதி வரை வந்த போர்ஷே 911, பொக்ஸ்ரர் வண்டிகள் பலவற்றில் எஞ்சினுக்குள் இருக்கும் ஓர் இடைத்தண்டுப் பெயரிங் பழுதாகும் ஆபத்து உண்டு. அது மாற்றப்பட்டதற்குப் பற்றுச்சீட்டு உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் விலையில் வேறுபாடு இருப்பது இதனாலேயே.

விலை ஏறிய வண்டிகளும் இருக்கின்றனவே என்று இளைஞர்கள் கேட்பார்கள். உண்மை. 1998 இல் உற்பத்தி முடிந்த, காற்றாற் குளிரூட்டப்படும் கடைசிப் போர்ஷே 911, 1990களின் ரொயோட்டா சூப்ரா ரேர்போ, 1999 முதல் 2002 வரை வந்த நிசான் ஸ்கைலைன் ஜி.ரி.ஆர் ஆகியவை விலை உயர்ந்தவை. 2001 இல் வெளிவந்த ஹொலிவூட் திரைப்படமொன்றில் ஓடிய செம்மஞ்சள் நிறச் சூப்ரா, 2021 இல் அமெரிக்க ஏலமொன்றில் 550,000 அமெரிக்க டொலருக்கு விற்பனையானது. ஆனால் இவை உயர்ந்ததன் காரணங்களைக் கவனியுங்கள்: எண்ணிக்கை குறைவு, கையால் கியர் மாற்றும் வண்டிகள் அருகி வருகின்றன, ஒரு தலைமுறையின் கனவு அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, விற்பனையானவை பெரும்பாலும் மாற்றம் எதுவும் செய்யப்படாமல், பதிவேடுகளுடன் பேணப்பட்டவை. பத்தாண்டு பழமையான ஆடம்பரச் செடானுக்கு இவற்றுள் ஒன்றும் பொருந்தாது. மேலும், புகைக்குழாயை மாற்றி, எஞ்சின் கணினியைத் திருத்தி, வண்டியைத் தரையோடு தாழ்த்திவிட்டு அதற்குச் செலவிட்ட பணமும் சேர்ந்து திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பது வீண். அத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் பெறுமதியைக் குறைப்பனவே.

இங்கே நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். விலை குறைந்தது வண்டிக்கேயன்றி, அதன் பராமரிப்புக்கன்று. 1 இலட்சம் டொலர்க் காரை 40,000 டொலருக்கு வாங்கினாலும், அது கேட்பது 1 இலட்சம் டொலர்க் காரின் ரயர், 1 இலட்சம் டொலர்க் காரின் பிறேக், 1 இலட்சம் டொலர்க் காரின் உதிரிப்பாகங்கள். காபன் செரமிக் பிறேக் தட்டுகள் பூட்டிய வண்டியாயின், நான்கையும் மாற்றும் செலவு 10,000 டொலரைத் தாண்டக்கூடும். கோடை ரயர்கள் வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் இறுகிப் பிடிப்பை இழக்கும். ஆகவே பனிக்கால ரயர்கள் தனியாக வேண்டும். யானையை வாங்குவது ஒரு நாள் வேலை. அதற்குத் தீனி போடுவது நாள்தோறும் உள்ள வேலை.

இனிக் கடனைப் பார்ப்போம். 40,000 டொலருடன் 13 வீத வரி சேர, 45,200 டொலர். முற்பணம் இன்றி, 9 வீத வட்டியில், ஆறு ஆண்டுத் தவணையில் எடுத்தால் மாதம் ஏறத்தாழ 815 டொலர் கட்ட வேண்டும். ஆறு ஆண்டு முடிவில் கட்டிய தொகை 58,600 டொலருக்கு மேல். வட்டி மட்டும் 13,400 டொலருக்கு மேல். மூன்றாம் ஆண்டு முடிவில் பிள்ளைக்கு மனம் மாறி விற்க நினைத்தால், அப்போதும் ஏறத்தாழ 25,600 டொலர் கடன் நிற்கும். வண்டி 20,000 டொலருக்கே போகுமாயின், வண்டியையும் கொடுத்து 5,600 டொலரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிள்ளையால் இயலாதுபோனால் அதைக் கட்டப்போவது பிணைக்குக் கையெழுத்திட்டவரே. பிணை என்பது நற்சான்றுப் பத்திரமன்று, அதுவும் கடனே. இரண்டு வேலை செய்து, இரவு பகல் பாராது உழைத்து வாங்கிய வீட்டின் மேற் கடனெடுத்து இத்தகைய வண்டியை வாங்கிக் கொடுப்பதை நாம் எவ்வகையிலும் ஏற்க மாட்டோம்.

காப்புறுதியைப் பற்றியும் மறைக்காமற் பேச வேண்டும். ஒன்ராறியோவில் இளம் ஆண் சாரதி ஒருவர் அதிவேகக் காருக்குக் கட்டும் காப்புறுதி, சில வேளைகளில் கடன் தவணைக்குச் சமமாக நிற்கும். அதைக் குறைக்க வேண்டித் தந்தையையோ தாயையோ பிரதான சாரதியாகக் காட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது பொய்த் தகவல். விபத்து நேர்ந்தால், அதையே காரணங் காட்டிக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். ஆகவே கையெழுத்திடும் முன்னரே, வண்டியின் அடையாள இலக்கத்தைக் கொடுத்து, உண்மையான சாரதியின் பெயரில் எவ்வளவு வரும் என்று எழுத்திற் கேட்டுப் பெறுங்கள்.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. 2007 முதல் ஒன்ராறியோவில் வீதிப் பந்தயத்துக்கும் மிகை வேகத்துக்கும் தனிச் சட்டம் உண்டு. 2021 இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. எல்லை வேகம் 80 கிலோமீற்றருக்குக் குறைந்த வீதியில் அதற்கு மேல் 40 கிலோமீற்றர் கூடுதலாக ஓடினாலே வீதியோரத்தில் 30 நாட்களுக்கு அனுமதிப்பத்திரம் நிறுத்தப்படும். 14 நாட்களுக்கு வண்டி பறிமுதலாகும். வண்டி தந்தையின் பெயரில் இருந்தாலும் பறிமுதல் பறிமுதலே. குற்றவாளியாகக் காணப்பட்டால் அபராதம் 2,000 டொலரிலிருந்து 10,000 டொலர்வரை. இத்தகைய வண்டிக்கு அந்த 40 கிலோமீற்றர் சில விநாடிகளின் வேலை.

இவ்வளவையும் அறிந்த பின்னரும் வாங்குவதாயின், முறையாக வாங்க வேண்டும். பதிவு பெற்ற விற்பனையாளர் விளம்பரப்படுத்தும் விலையில், வரியும் பதிவுக் கட்டணமும் தவிர மற்றக் கட்டணங்கள் யாவும் அடங்கியிருக்க வேண்டும். விபத்தினாலான திருத்தச் செலவு 3,000 டொலரைத் தாண்டியிருந்தால் அதை அவர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வண்டியின் ஆண்டு, உண்மையான ஓட்டத் தூரம், சேத முத்திரை, முன்னர் வாடகைக் காராகவோ ரக்சியாகவோ ஓடியமை போன்றவற்றைச் சரியாக அறிவிக்காவிடின், வண்டியைப் பெற்ற 90 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாம். ஆனால் வெறுமனே மனம் மாறியதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஒன்ராறியோவில் இல்லை. கையெழுத்திட்டால் முடிந்தது.

தனியாரிடம் வாங்கும்போது இப்பாதுகாப்புகள் இல்லை. விற்பவர் அரசாங்கத்தின் பழைய வாகனத் தகவற் பொதியைத் தர வேண்டும். அதில் முந்திய உரிமையாளர் விபரமும், வண்டியின் மேல் நிலுவைக் கடன் உண்டா என்பதும் இருக்கும். கடன் தீராத வண்டியை வாங்கினால், கடன் கொடுத்தவர் அதை உங்கள் வாசலிலிருந்தே எடுத்துச் செல்லலாம். கார்பக்ஸ் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். சேதமடைந்து மீளக் கட்டப்பட்ட வண்டிக்குப் பதிவுப் பத்திரத்திலேயே அந்த முத்திரை இருக்கும்; அத்தகைய வண்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது என்று சிலர் நிம்மதியடைகிறார்கள். அச்சான்றிதழ் 36 நாட்களுக்கே செல்லுபடியாகும். அது எஞ்சினின் ஆயுளைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. ஆகவே விற்பவருக்கு வேண்டியவரல்லாத, அவ்வகைக் காரை அறிந்த ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டுங்கள். இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினை முடுக்கி அதன் ஓசையைக் கேளுங்கள். வண்டியை உயர்த்தி உப்பினால் வந்த துருவைப் பாருங்கள். ரயரின் ஓரத்தில் உள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். விற்பவர் பரிசோதனைக்கு மறுத்தால், அதுவே பரிசோதனையின் முடிவு எனக் கொள்ளுங்கள்.

வேகத்தின் சுவையை அறிய இளைஞருக்கு வேறு வழியும் உண்டு. மஸ்டா எம்.எக்ஸ்-5, சுபாரு பி.ஆர்.இசற் போன்றவை எடை குறைந்தவை; எஞ்சின் எளியது; உதிரிப்பாகங்கள் மலிவு; வாங்க ஆட்கள் உண்டு. அவையே இந்நாட்டு மொரிஸ் மைனர்கள் என்று கூறினும் மிகையாகாது.

எமது நண்பருக்கு நாம் கூறும் யோசனை இதுதான். பிள்ளையின் ஆசையை மறுக்கவும் வேண்டாம். இன்று கையெழுத்திடவும் வேண்டாம். கடன் தவணை, காப்புறுதி, எரிபொருள், திருத்தச் செலவு ஆகியவற்றைக் கூட்டி, அந்தத் தொகையை மாதந்தோறும் ஒரு தனி வங்கிக் கணக்கில் ஓராண்டுக்கு இடும்படி தம்பியிடம் கூறுங்கள். அவர் அதைச் செய்து முடித்தால், முற்பணமும் கையில் இருக்கும். தாங்கும் வலிமையும் நிரூபணமாகும். உங்கள் பிணையும் தேவைப்படாது போகலாம். மூன்றாம் மாதத்திலேயே கணக்கு நின்றுபோனால், அந்தப் பாடத்தை வட்டி கட்டாமலே அவர் கற்றுக்கொள்வார்.

ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில், நம்மில் எத்தனையோ பேருக்காகப் பெற்றோர் காணியை ஈடு வைத்தார்கள். தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தார்கள். அது உயிரைக் காக்கச் செய்த பிணை. அதே கையெழுத்தைக் காருக்காக இடும்படி பிள்ளைகள் கேட்கையில், அந்தக் கையெழுத்தின் பெறுமதியை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நமது கடமை. கார் விலை இறங்கும். பெற்றோரின் கையெழுத்து விலை இறங்கலாகாது.