சிங் ஸ்ட்ரீட்: தம்பி பாடுறான், அண்ணன் கேட்கிறான்

ஒரு பொண்ணு ஸ்கூலுக்கு எதிர்த்த வீட்டு வாசப்படியில நிக்கிறா. ரோட்டைத் தாண்டிப் போய்ப் பேசணும். கையில என்ன இருக்கு? பைக் இல்ல, பாக்கெட்ல பைசா இல்ல, மேல ஸ்கூல் யூனிஃபார்ம் வேற. இந்த நிலைமையில 15 வயசு கானர் என்ன பண்றான் தெரியுமா? 'எங்க பேண்ட் ஒரு வீடியோ எடுக்குது, நீ நடிக்கிறியா?'ன்னு கேட்டுடறான். அவளும் பார்க்கலாம்னு நம்பரைக் கொடுத்துடறா. பையன் ஜம்முனு திரும்பி வந்து ஃப்ரெண்டுகிட்ட சொல்ற முதல் விஷயம்... உடனே ஒரு பேண்ட் ஆரம்பிச்சாகணும்!

'சிங் ஸ்ட்ரீட்' படம் இப்படித்தான் கிளம்புது. 2016-ல வந்த ஐரிஷ் படம். கதை நடக்கிறது 1985, டப்ளின். டைரக்டர் ஜான் கார்னி. 2007-ல வந்த 'ஒன்ஸ்' படத்தை எடுத்தாரே, அவரேதான். டைரக்டர் ஆகறதுக்கு முன்னாடி 'த ஃப்ரேம்ஸ்'ங்கிற டப்ளின் பேண்டுல பேஸ் கிடார் வாசிச்சவர். டப்ளின்ல ஸிஞ்ச் ஸ்ட்ரீட்னு எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி ஒரு தெரு, ஆனா வாயில சொல்றப்போ 'சிங்' ஸ்ட்ரீட்தான். அங்கே கிறிஸ்தவ பிரதர்கள் நடத்தின பையன்கள் ஸ்கூல் நிஜமாவே இருந்தது. கார்னி படிச்சதும் அங்கேதான். பேண்டுக்குப் பேரு ரெடி!

பேண்டு படம்னா நமக்கு ஒரு ஃபார்முலா மனப்பாடம். அஞ்சு பேர் சேருவாங்க, சண்டை போடுவாங்க, பிரிவாங்க, கடைசி ரீல்ல மேடை ஏறிக் கலக்குவாங்க, கப்பு வாங்குவாங்க. இதுல போட்டியும் இல்ல, கப்பும் இல்ல. ரெக்கார்டு கம்பெனிக்காரர் யாரும் கூட்டத்துல நின்னு கண்ணைத் துடைச்சுக்கல. கிடைக்கிற மேடை ஸ்கூல் டான்ஸ் ஒண்ணே ஒண்ணு. அதுலயும் மெதுவான பாட்டு ஆரம்பிச்சதும் பாதிக் கூட்டம் கிளம்பிடுது. கல்ச்சுரல்ஸ்ல மைக் பிடிச்சவங்களுக்கு இந்த வலி தெரியும்!

சரி, ஊரு எப்படி இருக்கு? அயர்லாந்துக்கு அப்போ ரொம்ப மோசமான நேரம். வேலைக்குத் தயாரா இருந்த நூறு பேர்ல சுமார் 17 பேருக்கு வேலை இல்ல. இளசுங்க எல்லாம் பெட்டியைக் கட்டி, கப்பல் ஏறி லண்டன் போய்க்கிட்டே இருக்காங்க. கானர் வீட்டிலயும் வருமானம் குறையுது. ஃபீஸ் அதிகமான ஸ்கூல்ல இருந்து பிடுங்கி, அடாவடிப் பசங்க நிறைஞ்ச சிங் ஸ்ட்ரீட்ல போடறாங்க. முதல் நாளே பஞ்சாயத்து. ஷூ கறுப்பா இருக்கணும்னு ரூல், இவன்கிட்ட இருக்கிறது பிரவுன். புதுசு வாங்கக் காசு இல்லேன்னா ஹெட்மாஸ்டர் விடுவாரா? ஷூவைக் கழட்டச் சொல்லிட்டு, சாக்ஸோட நடக்க விடறார். அப்புறம் ஒருநாள் பையன் மேக்கப் போட்டுக்கிட்டு வந்துட்டான்னு, தலையைப் பிடிச்சு வாஷ்பேசின்ல அமுக்கிக் கழுவி விடறார். அயர்லாந்து ஸ்கூல்கள்ல அடிக்கிறதுக்கு 1982-லயே தடை வந்தாச்சு. படம் 1985. தடை எல்லாம் பேப்பர்ல. ஹெட்மாஸ்டர் கை எப்பவும் போலத்தான்.

வீட்டுல அப்பாவும் அம்மாவும் தினம் கத்திக்கிறாங்க. பிரியறதா முடிவு. ஆனா விவாகரத்து பண்ண முடியாது! ஏன்னா அந்த நாட்டு அரசியல் சாசனமே விவாகரத்தைத் தடுத்து வெச்சிருந்தது. 1986-ல மக்கள்கிட்ட ஓட்டு கேட்டாங்க, வேண்டாம்னுட்டாங்க. மறுபடி 1995-ல கேட்டப்போதான் சரின்னாங்க, அதுவும் சுமார் 9,000 ஓட்டு வித்தியாசத்துல. படத்துல இந்த விஷயம் ஒரே வரியில போயிடும். நீங்க கொஞ்சம் நிறுத்தி யோசிச்சாதான் அந்த வீட்டுல எவ்வளவு மூச்சுமுட்டல் இருந்திருக்கும்னு புரியும்.

இதுல ஒரு சீன். சாயங்காலம் அம்மா வாசப்படியில தனியா உட்கார்ந்து சிகரெட்டோட பேப்பர் படிக்கிறாங்க. மேல ஜன்னல்ல இருந்து பிள்ளைங்க பார்க்கிறாங்க. அம்மாவுக்கு ஸ்பெயின் போகணும்னு ஆசை, அப்பா கூட்டிட்டுப் போகவே இல்ல, அதான் வேலை முடிஞ்சு வந்து கடைசி வெயில் போறதுக்குள்ள அங்க உட்கார்ந்துக்கிறாங்கன்னு அண்ணன் விளக்குறான். அம்மாவோட ஸ்பெயின் அந்த வாசப்படி அளவுதான்!

பாட்டுக்கு வருவோம். இந்த வாரம் எந்த பேண்ட் பிடிச்சிருக்கோ, அதே மாதிரி பையன் டிரஸ், தலைமுடி, பாட்டு எல்லாத்தையும் மாத்திக்கிறான். டுரான் டுரான் பார்த்தா ஒரு கெட்டப். த க்யூர் கேட்டா முடி எகிறி நிக்குது. ஹால் அண்ட் ஓட்ஸ் கேட்டா இன்னொரு பீட். 'காப்பி'ன்னு நீங்க சொல்லலாம். அந்த வயசுல எல்லாரும் அப்படித்தான் பாட ஆரம்பிக்கிறாங்க. பாட்டுகளை கார்னியோட சேர்ந்து உருவாக்கினவர் கேரி கிளார்க். 80-கள்ல 'டேனி வில்சன்'னு ஒரு ஸ்காட்லாந்து பேண்ட் வெச்சிருந்தவர். அந்தக் காலத்து சத்தம் அவருக்கு அத்துப்படி. அதனாலதான் முதல் பாட்டு கத்துக்குட்டிப் பசங்க போட்ட மாதிரியே இருக்கு. அஞ்சாவது பாட்டு வர்றப்போ, 'அட, இவனுங்க தேறிட்டாங்களே!'ன்னு நாமளே சொல்றோம்.

'டிரைவ் இட் லைக் யூ ஸ்டோல் இட்'னு ஒரு பாட்டு. படத்தோட உயிர் இதுலதான் இருக்கு. ஸ்கூல் ஜிம்ல வீடியோ ஷூட்டிங். கூட்டம்னு வந்தது கொஞ்சூண்டு பேர். 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்துல வர்ற அமெரிக்க ஸ்கூல் டான்ஸ் மாதிரி ஆடுங்கன்னு கானர் கெஞ்சறான். அவங்களுக்கு ஒண்ணும் புரியல, சும்மா கையைக் காலை ஆட்டறாங்க. நாயகி ரஃபீனா வரவே இல்ல. பாட்டு ஆரம்பிக்குது... அவன் கண்ணுல மட்டும் அந்த ஹால் மாறுது. கலர் கலரா டிரஸ், பளபள லைட். பிரிஞ்சுபோற அப்பாவும் அம்மாவும் கைகோத்து ஆடறாங்க. ஹெட்மாஸ்டர்கூட குட்டிக்கரணம் போடறார். அண்ணன் ஹீரோ மாதிரி என்ட்ரி கொடுக்கிறான். வாசல்ல ரஃபீனா! பாட்டு முடியுது. மறுபடி அதே காலி ஜிம். அவ லண்டனுக்கு வேற ஒருத்தனோட கிளம்பிப் போயிட்டான்னு பையனுக்கு அப்புறம்தான் தெரியுது.

நம்ம படங்கள்ல கனவுப் பாட்டுன்னா ஹீரோவும் ஹீரோயினும் மலை உச்சிக்குப் போவாங்க. இந்தப் பையன் கனவுல கேட்கிறது என்ன? அப்பாவும் அம்மாவும் ஒரே ரூம்ல சிரிச்சுக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான்!

இப்போ அண்ணன் பிரெண்டன். நடிச்சவர் ஜேக் ரெய்னர், பின்னி எடுத்திருக்கார். காலேஜை பாதியில விட்டவன். ரூம்ல கஞ்சா, கலைஞ்ச தலை, சுவத்தை மறைக்கிற ரெக்கார்டுகள். தம்பிக்கு இசை வாத்தியார் இவன்தான். தம்பியோட பேண்ட் அடுத்தவங்க பாட்டை வாசிச்சு கேசட் கொண்டுவந்தா, கிழிகிழின்னு கிழிச்சு, சொந்தமா எழுதுடான்னு துரத்துறவன். அப்படிப்பட்டவன் ஒருநாள் வெடிக்கிறான். இந்தக் குடும்பம்ங்கிற காட்டுக்குள்ள முதல்ல இறங்கி வழி வெட்டினது நான், அடி பூரா நான் வாங்கினேன், நீ பின்னாடியே நோகாம நடந்து வந்தே, இப்போ எல்லாரும் உன்னைப் பார்க்கிறாங்க, என்னைப் பார்த்து சிரிக்கிறாங்கன்னு. கானர் பதில் பேசாம நிக்கிறான். அவனால என்ன சொல்ல முடியும்? எல்லாம் உண்மை.

உங்க வீட்டுல மூத்தவங்க யாராவது இருந்தா இந்த இடத்துல தொண்டை அடைக்கும். நைட் ஷோவுக்கு முதமுதல்ல பர்மிஷன் கேட்டு அறை வாங்கினது யாரு? உங்களுக்கு அதே பர்மிஷன் சும்மா கிடைச்சது எப்படி? நீங்களே மூத்தவங்கன்னா இன்னும் மோசம், இந்த சீனை சேர்ந்து உட்கார்ந்து பார்க்காதீங்க. இங்கிலீஷ்ல 'பிரதர்'னு ஒரே வார்த்தை, முன்னாடி பொறந்தவனுக்கும் அதுதான், பின்னாடி பொறந்தவனுக்கும் அதுதான். நமக்கு அண்ணன் வேற, தம்பி வேற. இந்தப் படம் பூரா அந்த வித்தியாசத்துலதான் ஓடுது. காதல் எல்லாம் மேல தூவின சர்க்கரை.

குறை இல்லாமலா? பேண்டுல கானரையும், முயல் வளர்க்கிற ஏமனையும் விட்டா மத்தவங்க பேரு படம் முடிஞ்சதும் மறந்துடும். கீபோர்டு வாசிக்கிற என்கிக், அந்தத் தெருவுல ஒரே கறுப்பின குடும்பத்துப் பையன். கறுப்பா இருக்கான், கண்டிப்பா ஏதாவது வாசிப்பான்னு இவங்களா முடிவு பண்ணி அவன் வீட்டுக் கதவைத் தட்டறாங்க. அந்த ஜோக்கை வெச்சுட்டு, அவனுக்குன்னு ஒரு கதையைக் கொடுக்காம விட்டது எனக்கு உறுத்தலாவே இருந்தது. ரஃபீனாவா லூஸி பாய்ன்டன் பிரமாதம். நீச்சல் தெரியாம வீடியோவுக்காகத் தண்ணியில குதிக்கிற சீன் ஒண்ணு போதும். ஆனா அந்தப் பொண்ணோட அப்பா, அம்மா பத்தின சோகம் எல்லாம் வசனத்துலயே கடந்து போயிடுது.

2017 கோல்டன் குளோப்ல இசை, காமெடிப் படப் பிரிவுல போட்டியிட்டு, 'லா லா லேண்ட்'கிட்ட தோத்துது. ஆஸ்கர்ல பாட்டுக்குக்கூட ஒரு நாமினேஷன் இல்ல. பாவம்!

கிளைமாக்ஸ்ல ஒரு குட்டி மோட்டார் படகுல ரெண்டு பசங்களும் லண்டன் கனவோட ஐரிஷ் கடலைத் தாண்டக் கிளம்பறாங்க. மழை, அலை, பெரிய கப்பல் பக்கத்துல வர, நடுங்குது படகு. லாஜிக் பார்த்தா உதைக்கும்! கையில ஒரு டெமோ கேசட், கொஞ்சம் போட்டோ, அவ்வளவுதான். ராத்திரியோட ராத்திரியா எழுப்பினதும் கேள்வி கேட்காம கார் எடுத்து, கடற்கரை வரைக்கும் கொண்டுவந்து விட்டது யாருன்னு நினைக்கிறீங்க? பிரெண்டன்தான். படகு சின்னப் புள்ளியாகிற வரைக்கும் பார்த்துட்டு, கரையில தனியா நின்னு கையை வீசிக் குதிக்கிறான் பாருங்க... அவனே போற மாதிரி!

106 நிமிஷப் படம். முடிஞ்சதும் பட்டுனு ஆஃப் பண்ணிடாதீங்க. இது யாருக்குச் சமர்ப்பணம்னு ஸ்கிரீன்ல ஒரு வரி வரும். எல்லா ஊர்லயும் இருக்கிற அண்ணன் தம்பிகளுக்காம்.