உத்தனப்பள்ளித் தோழர்களே, வாயைத் திறவுங்கள்!



"வடக்கன் வந்தான், நம்ம வேலை போச்சு." இந்தப் பேச்சு இப்போது நம் போனில் சுற்றுகிறது. கம்பெனி பஸ்ஸில் சுற்றுகிறது. டீக்கடையில் சுற்றுகிறது. நாம் கேட்கிறோம். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறோம். சும்மா இருக்காதீர்கள்!

நிரந்தர வேலையைக் காண்ட்ராக்ட் ஆக்கியது ஒடிசாக்காரரா? ஓவர்டைம் காசைப் பிடித்துவைத்தது ஜார்க்கண்ட் பெண்ணா? 2023-இல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிகள் நிலத்தைக் காக்கத் தெருவில் உட்கார்ந்தார்களே, சிப்காட் தொழிற்பேட்டைக்கு அந்த நிலத்தைக் கேட்டது பீகார் பையனா? இல்லை! இல்லவே இல்லை!

அதே 2023, மார்ச் மாதம். எங்கெங்கோ நடந்த அடிதடி வீடியோக்களைக் காட்டி, தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று பரப்பினார்கள். பொய் என்றது நம் போலீஸ். பீகார் அரசின் குழுவே வந்து பார்த்துப் போனது. அதற்குள் பயந்தவர்கள் ரயில் ஏறிவிட்டார்கள். பொய்யைப் பரப்பியவனுக்கு என்ன நஷ்டம்? கூலி போனது தொழிலாளிக்கு.

அந்தப் பயம் நமக்குத் தெரியாததா? 1991 டிசம்பர். 2016 செப்டம்பர் 12. காவிரியின் பேரால் பெங்களூரில் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். 2016-இல் தமிழ்நாட்டு பஸ்கள் வரிசையாக எரிந்தன. மாநில எல்லையில் பஸ் நின்றது. மூட்டையும் பிள்ளையுமாக நடந்தே வந்தது நம் சனம். அந்தப் பக்கம் நாம் வந்தேறி. இந்தப் பக்கம் வடக்கே இருந்து வந்தவர் வந்தேறியா? சொல்லவிடுவோமா?

பிரிப்பது சுலபம், தோழர்களே, பயங்கரமான சுலபம். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற ஆய்வாளர் 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை இரண்டு அணி என்றார். யாருக்கு எந்த ஓவியம் பிடிக்கிறது, அவ்வளவுதான் சொன்ன காரணம். பழைய பகை கிடையாது. காசைப் பங்கிடச் சொன்னார். நம் அணிக்குக் குறைந்தாலும் சரி, அடுத்த அணிக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்று பங்கிட்டார்கள் பல பையன்கள்!

நம் கூலியும் அப்படித்தான் குறைகிறது. அவருக்கு நம்மைவிடக் கம்மி என்று கேட்டதும் மனசுக்குள் ஒரு ஆறுதல் வருகிறதே, அந்த ஆறுதலை வைத்துத்தான் நம் இரண்டு பேர் கூலியையும் அமுக்குகிறார்கள். அதைத் தூக்கி எறியுங்கள்!

சேர முடியும். 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹாமாவில் முசாஃபர் ஷெரீஃப் என்ற ஆய்வாளர் மோதவிட்ட இரண்டு சிறுவர் கூட்டங்கள், முகாமுக்குத் தண்ணீர் நின்றதும் ஒன்றாக வேலையில் இறங்கின. பகை ஒரே நாளில் போகவில்லை. மறுபடி மறுபடி சேர்ந்து வேலை செய்தார்கள், போனது. 2003-இல் தமிழ்நாட்டு விவசாயியும் கர்நாடக விவசாயியும் ஒன்றாக உட்கார்ந்து 'காவிரிக் குடும்பம்' தொடங்கினார்கள். காவிரி விவசாயிகளாலேயே சேர முடிந்தது. நம்மால் முடியாதா?

தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் பேசும் ஊர் நம் ஊர். இந்தியும் ஒடியாவும் நமக்குப் பாரமா?

இன்று அவரை ஏசும்போது நாம் வாய்மூடினால், நாளை நம்மைக் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தும்போது அவர் எதற்கு வருவார்?

ஆகவே இன்றைக்கே! அப்படி ஒரு வீடியோ வந்தால் அனுப்பியவரிடமே கேளுங்கள்: எங்கே நடந்தது, எப்போது நடந்தது? இன்றைக்கே! ஷிப்ட் விடும்போது பக்கத்து சீட்காரரிடம் பேர் கேளுங்கள். உங்கள் சம்பளச் சீட்டைக் காட்டுங்கள். அவருடையதைக் கேளுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு, இரண்டு பேருமாகச் சங்கத்துக்கு வாருங்கள்!