கூரையைத் தாங்கிய முழங்கை

பழைய காலத்து ஆடம்பர மோட்டார் வண்டிகளின் படங்களைப் பார்க்குந்தோறும் நம் கண்ணில் முதலிற் படுவன பளபளக்கும் விளக்குகளும் பெரிய சில்லுகளுமே. மடக்குக் கூரையின் பக்கத்தே, ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போல் வளைந்து நிற்கும் இரும்புச் சட்டத்தை நம்மிற் பலர் கவனித்திருக்கமாட்டோம். இவ்வாரம் அச்சிறு சட்டத்தின் கதையைப் பார்ப்போம்.

அது பிறந்தது குதிரை வண்டியில். ஜெர்மனியிலுள்ள லண்டாவ் நகரின் பெயரால் வழங்கிய 'லாண்டோ' வண்டிக்கு, முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு தோற்கூரைகள் உண்டு. மழை வந்தால் அவற்றை உயர்த்தி நடுவே பொருத்துவர். வெயில் எறித்தால் மடித்து விடுவர். உயர்த்திய கூரை சரியாமல் தாங்கி நிற்பதே அச்சட்டத்தின் வேலை.

மோட்டார் வண்டி தோன்றியபோது இக்கலையும் அதனோடு சேர்ந்து வந்தது. றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தார் அந்நாளில் இயந்திரத்தையும் அடிச்சட்டத்தையும் மாத்திரமே செய்து கொடுத்தனர். மேற்கூட்டை அமைத்தவர்கள் பார்க்கர், ஹூப்பர் முதலிய வண்டி கட்டும் நிறுவனத்தார். 1907இல் புகழ்பெற்ற 'சில்வர் கோஸ்ட்' வண்டிக்குத் திறந்த மேற்கூட்டை அமைத்தவர்களும் பார்க்கர் நிறுவனத்தாரே.

ஆயினும், பழைய கைத்திறனுக்குப் புதிய சோதனை ஒன்று காத்திருந்தது. வேகம் இருமடங்கானால் காற்றின் தாக்குதல் நான்கு மடங்காகும் என்பதை மாணவர் அறிவர். மணிக்கு 10 மைல் ஓடும் குதிரை வண்டியின் கூரையை, 40 மைல் ஓடும் மோட்டார் வண்டியில் வைத்தால், அது தாங்கவேண்டிய காற்று 16 மடங்கு! தளர்ந்த கித்தான் பாய்போற் புடைத்துப் படபடக்கும். நாளடைவிற் கிழிந்தும் போகும். ஆகவே, கூரையைத் தூக்கி நிறுத்தினால் மட்டும் போதாது. இறுக இழுத்துப் பிடிக்கவும் வேண்டும்.

இதற்கு வழி காட்டியது அச்சட்டத்தின் நடுவிலுள்ள மூட்டு. இரு துண்டுகள் அதில் முழங்கைபோல் மடங்கும். மடங்கிய கையை நீட்டுவதுபோல் அதைத் தள்ளினால், இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்பொழுது நீளம் மிகுந்து கித்தான் இறுகும். அவ்விடத்தைச் சற்றே கடந்ததும் ஒரு தடை மூட்டை நிறுத்திவிடும். இப்பொழுது கித்தான் இழுக்க இழுக்க, மூட்டு அத்தடையோடு மேலும் அழுந்துமேயன்றி மடங்காது. எதிர்த்து இழுக்கும் விசையையே காவலாக்கிய நுட்பத்தை என்னென்பது! நாம் முழங்காலை நேராக நீட்டி நிற்கையில் களைப்புக் குறைவதும், சற்று மடித்து நிற்கையிற் கால் நடுங்குவதும் இதனை ஓரளவு விளக்கும்.

கூரையின் விலா எலும்புகள் போன்ற வளைவுகளைப் பெரும்பாலும் ஆஷ் மரத்தை நீராவியில் வளைத்துச் செய்தனர். அவை பாரமானவை, பெரிய வண்டிகளின் கூரையை உயர்த்த இருவர் வேண்டியிருந்தது. எனவே, ஒருவரே உயர்த்தக்கூடிய கூரையை அமைப்பது வடிவமைப்பாளரின் பெருங்கவலையாயிற்று. நடுவழியில் மழை கொட்டும்போது, நனைந்த கைகளோடு தனியே போராடும் சாரதிக்கன்றோ அதன் அருமை தெரியும்! விற்பனைக் கூடத்து ஒளியில் எல்லா மூட்டுக்களும் அழகாகத்தான் இருக்கும்.

1920களில் மூடிய வண்டிகள் பெருகின. நிலையான கூரைக்குத் தாங்கும் சட்டம் எதற்கு? ஆனாலும் அதன் அழகை விட மனமில்லாதோர், மடங்காத கூரையின் மேல் போலிச் சட்டங்களைத் திருகாணியால் முடுக்கினர். 1962இல் வந்த போர்ட் தண்டர்பேர்ட் 'லாண்டோ' காரிலும் அவ்வணி இருந்தது. இன்றும் அமெரிக்கப் பிரேத வண்டிகளின் பக்கங்களில் அதைக் காணலாம்.

உழைத்த காலத்தில் அதை நின்று பார்த்தவர் சிலர். உழைப்பு ஒழிந்தபின் அதுவே பெருமையின் சின்னமாயிற்று. இனி ஒரு பழைய வண்டியின் படத்தைக் கண்டால், அச்சட்டத்தின் நடுவே மூட்டு உண்டா என்று பாருங்கள். உண்டெனில், ஒரு காலத்தில் அது யாரையோ நனையாமற் காத்திருக்கும்.