இல்லக் குறிப்பு: மெருகில் படரும் வெண்மை

வரதய்யபாளையத்தில் குடியேறிய நம்மவர், பாட்டனார் காலத்துத் தேக்கு அலமாரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் மெருகேற்ற முனைதல் வேண்டா. அவலரக்கைக் கரைத்த ஸ்பிரிட் விரைந்து ஆவியாகுங்கால் பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேற் படிந்து மெருகு பால்போல் வெளுக்கிறது. உடனே உப்புத்தாளை எடுப்போரே மிகுதி! சுரண்டிய பழைய நிறம் மீளாது. வானம் வெளுத்த, வறண்ட நாள்வரை பொறுத்து, பஞ்சுத் துணிப்பொதியில் ஸ்பிரிட்டைச் சில துளிகளே விட்டு, ஓரிடத்தும் நிறுத்தாமல் மெல்லத் தடவுக. மேற்படலம் இளகி, ஈரம் வெளியேறி, வெண்மை பெரும்பாலும் மறையும்.

பிசுபிசுப்பு வேறு நோய். கரைத்து நெடுநாள் வைத்திருந்த அரக்கே பெரும்பாலும் அதற்குக் காரணம். எத்தனை நாள் காத்திருப்பினும் அது இறுகாது. ஸ்பிரிட்டால் முழுவதும் துடைத்தெடுத்து, புதிதாய்க் கரைத்துப் பூசுக. அருகே அடுப்போ விளக்கோ எரிதல் ஆகாது.